பாடம் முடிந்த பிறகு: படத்திருத்த வீடியோக்கள் குறித்துச் சங்கரன்கோவிலிலிருந்து சில குறிப்புகள்

1

சங்கரன்கோவிலில் நான் அடிக்கடி போய் உட்காரும் ஃபிளெக்ஸ் கடை ஒன்று உண்டு. கூட்டம் போட்டால் சுவரொட்டி, புத்தகம் கொண்டுவந்தால் அட்டை, எதுவானாலும் அங்கேதான். கடைக்காரர் பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட். இருபது வருடம் பிரஷ் பிடித்தவர். ஃபிளெக்ஸ் வந்ததும் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுக் கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் போட்டார். அதில் உட்காருவது ஒரு பையன். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். எந்த சென்டரிலும் படித்ததில்லை. கேட்டால், 'எல்லாம் யூட்யூப்தான் சார்' என்பான்.

ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் ஒரு அம்மா வந்தார். அழுது ஓய்ந்த முகம். விடியற்காலையில் அவருடைய தாயார் இறந்துவிட்டார். மதியத்துக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும். இறந்தவருக்கென்று தனியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ இருந்தது. அதை ஃபோனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்திருந்தது. பின் வரிசையில் மூன்றாவது ஆளாக ஒரு கிழவி. முகம் பெருவிரல் நகம் அளவுகூடத் தேறாது.

'அரை மணி நேரத்துல முடிச்சுருதேன் பெரியம்மா, உக்காருங்க' என்றான் பையன். சொன்னபடி முடித்தும்விட்டான். பென் டூலால் முகத்தைக் கச்சிதமாக வெட்டி எடுத்தான். தோலை மழமழப்பாக்கினான். நிறத்தை ஏற்றினான். பின்னால் நீல வானம், தலைக்குப் பின்னே ஒளிவட்டம், கீழே இரண்டு விளக்கு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அந்த அம்மா ரொம்ப நேரம் திரையையே பார்த்தார். 'நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது எங்கம்மை இல்லியே' என்றார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, 'எங்கம்மைக்குக் காது தொங்கும்லா. பாம்படம் போட்ட காது. அது எங்க?' என்று கேட்டார்.

பாம்படம் என்றைக்கோ அடகுக்குப் போய் மூழ்கியிருக்கும். நகை போன பிறகும் காது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பையனுக்கு அது காது என்றே தெரியவில்லை. பின்னால் நிற்பவரின் விரலோ என்னவோ என்று நினைத்துக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டான். மிச்சமிருந்த சுருக்கத்தையும் மூக்குத்தியையும் மழமழப்பு விழுங்கிவிட்டது.

இதில் பையன் செய்த தவறு என்ன என்று யோசித்தேன். அவன் படித்த பாடத்தில் சொன்னதில் ஒரு படியைக்கூட அவன் விடவில்லை. அந்தப் பாடத்தை நடத்தியவர் மார்க் போட்டால் நூற்றுக்கு நூறு. அப்படியானால் அது பயன் தந்த பாடமா, இல்லையா? இந்தக் கேள்வியை ஒட்டித்தான் இந்தக் குறிப்புகள்.

2

ஒரு வீடியோப் பாடம் நல்ல பாடம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? எத்தனை பேர் பார்த்தார்கள், கீழே எத்தனை பேர் 'சூப்பர் ப்ரோ' போட்டார்கள், பார்த்தவன் அதே படத்தை அதே மாதிரி செய்துவிட்டானா: இவைதான் இன்று புழக்கத்திலுள்ள அளவுகோல்கள். மூன்றும் பார்ப்பவனுடைய கண்ணை அளக்கின்றன. அவன் கை தனியாக என்ன செய்யும் என்பதை எதுவும் அளக்கவில்லை.

ஆய்வுகளிலும் இதே சிக்கல் உண்டு. 2014இல் பிலிப் குவோவும் கூட்டாளிகளும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோக்கள் பார்க்கப்பட்டதை ஆராய்ந்து, ஆறு நிமிடத்துக்குட்பட்ட பாடங்களில்தான் ஆட்கள் நிலைத்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். பாடத்தைச் சிறிதாக நறுக்குங்கள் என்ற அறிவுரை இதிலிருந்து பரவியது. அறிவுரை தப்பில்லை. ஆனால் அவர்கள் எண்ணியது பார்த்த நேரத்தை. பார்த்ததும் கற்றதும் ஒன்றா?

ஒன்றில்லை என்பதற்குப் பழைய சான்று இருக்கிறது. 1991இல் பால்மிட்டர், எல்கெர்ட்டன் இருவரும் ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளை ஒரு பிரிவினருக்கு அசையும் செயல்விளக்கமாகவும் இன்னொரு பிரிவினருக்கு எழுத்தாகவும் கற்பித்துப் பார்த்தார்கள். அன்றைக்கு, பார்த்துப் படித்தவர்கள் வேகமாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு வேலை கொடுத்தபோது, எழுத்தைப் படித்தவர்கள் முந்திக்கொண்டார்கள். பார்த்தவர்கள் அசைவைப் போலச் செய்திருந்தார்கள். படித்தவர்களோ வார்த்தையைச் செயலாக மாற்றும் வேலையைத் தாங்களே செய்தாக வேண்டியிருந்தது. அந்த உழைப்புதான் தங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

2018இல் கார்டஸ், ஓப்ரியன் என்ற இருவர் இன்னொன்றைக் காட்டினார்கள். மேஜைமேல் உள்ள பாத்திரம் விழாமல் விரிப்பை உருவும் வித்தையை வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு, தங்களாலும் முடியும் என்ற நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது, திறமை ஏறவில்லை. நம் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை. கிரிக்கெட் பார்த்தவன் எல்லாம் டீக்கடையில் கிரிக்கெட் ஆடுகிறான்.

பாவ்லோ ஃப்ரெய்ரே கல்வியில் வங்கிமுறை என்று சொன்னதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீடியோப் பாடம் அந்த வங்கியின் ஏடிஎம் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிப் போக விரும்பவில்லை. காரணம் அந்தப் பையன். வங்கியும் பள்ளியும் கைவிட்டவனுக்கு ஒரு தொழிலைக் கையில் கொடுத்தது அந்த வீடியோதான். ஆகவே கேள்வியை உள்ளே போய்த்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எந்தப் பாடம் அவனுக்கு எதைக் கொடுத்தது?

3

அவனிடமே கேட்டேன். பென் டூல் எங்கே படித்தாய்?

'அது இந்திக்காரன் வீடியோ சார். பேசுறது ஒண்ணும் புரியாது. கை புரியும். நிப்பாட்டி நிப்பாட்டிப் பாப்பேன். அவன் புள்ளி வைக்குத எடத்தப் பாத்து, ஏன் இங்க வைக்கான், ஏன் வளைவுல ரெண்டு வைக்கான்னு நானே யோசிச்சுக்கிடுவேன்.'

முகத்தை மழமழப்பாக்குவது?

'அது தமிழ் வீடியோ. பத்து வைங்க, எம்பது வைங்கன்னு சொல்லுவாரு. வச்சா வந்துரும்.'

எனக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. அவன் உண்மையில் வல்லவனாக இருப்பது பென் டூலில். அதை மொழி புரியாத பாடத்தில் கற்றான். சறுக்கியது மழமழப்பில். அதைத் தாய்மொழிப் பாடத்தில் கற்றான். மறதிக்கு இடமில்லாமல் எண்களைச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

1818இல் லூவேன் நகரில் ஜோசஃப் ஜாக்கோத்தோ என்ற ஆசிரியருக்கு மாணவர்களின் மொழி தெரியாது. மாணவர்களுக்கு அவர் மொழி தெரியாது. இருமொழிப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, ஒப்பிட்டுப் பார்த்துப் படியுங்கள் என்று விட்டுவிட்டார், அவர்கள் படித்துவிட்டார்கள். இதை வைத்து 1987இல் ழாக் ரான்சியேர் எழுதிய நூல், விளக்கிக்கொண்டே இருப்பது மாணவனை முட்டாளாகவே வைத்திருக்கும் ஏற்பாடு என்று வாதிடுகிறது. இந்தி வீடியோ பார்த்த பையன் நம் ஊர் ஜாக்கோத்தோ மாணவன்.

இதிலிருந்து தமிழ்ப் பாடம் வேண்டாம் என்று முடிவு கட்டினால் அது அபத்தம். அந்தத் தமிழ்ப் பாடத்தில் தமிழ் எதற்குப் பயன்பட்டது என்று பார்க்க வேண்டும். உத்தரவு போடப் பயன்பட்டது. 'இத கிளிக் பண்ணுங்க, அத கிளிக் பண்ணுங்க, ஓகே குடுங்க.' ஏன் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. காரணம் சொல்லத்தான் தாய்மொழி வேண்டும். கட்டளைக்கு எந்த மொழியும் போதும். மொழியே இல்லாமலும் நடக்கும்.

4

எண்ணைச் சொல்வதற்கும் காரணத்தைச் சொல்வதற்கும் உள்ள தூரத்தை இரண்டு உதாரணங்களில் காட்டுகிறேன்.

முதலாவது, அந்த மழமழப்பு. பிளர் செய்ய 'ரேடியஸ் பத்து' என்கிறார் பாடக்காரர். பத்து என்றால் பத்துப் பிக்சல். அவர் எடுத்துக்கொண்ட படம் ஒரு மாடல் பெண்ணின் பெரிய படம். முகம் மட்டுமே இரண்டாயிரம் பிக்சல் அகலம் இருக்கும். அதில் பத்து என்பது ஒரு மயிரிழை. வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய குரூப் போட்டோவில் கிழவியின் முகம் நூறு பிக்சல் இருந்தால் அதிகம். அங்கே பத்து என்பது பத்தில் ஒரு பங்கு முகம். மூக்குத்தி போகாமல் என்ன செய்யும்? 'முகம் எவ்வளவு பெரிசு என்று முதலில் பாருங்க, அதுக்குத் தக்கன வைங்க' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் பாடம் அவனோடு கடைக்கு வந்திருக்கும்.

இரண்டாவது, பேனரின் அளவு. 'பிரின்டுக்கு எப்பவும் 300 வைக்கணும்' என்று எல்லாப் பாடத்திலும் வருகிறது. கையில் பிடித்துப் பார்க்கும் பத்திரிகைக்கு அது சரி. பையன் தொடக்கத்தில் பத்தடிக்கு எட்டடி பேனருக்கும் 300 வைத்தான். கணக்குப் போட்டால் 36,000க்கு 28,800 பிக்சல். ஃபோட்டோஷாப்பின் சாதாரண பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது. கடைக் கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றது. அதே பேனரை 72 வைத்துச் செய்தால் 8,640க்கு 6,912. சாலையின் எதிர்ப்புறமிருந்து பார்ப்பவனுக்கு ஒரு குறையும் தெரியாது. எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது ரெசல்யூஷன். இதை அவனுக்குச் சொன்னவர் கடைக்காரர். 'சுவருல பெரிய தலை வரையும்போது கண்ணுக்கு முடி முடியாவா இழுப்போம்? ஒரே இழுப்புலா' என்றார். பிரஷ் பிடித்த கைக்கு அது தெரிந்திருந்தது.

பதிப்புச் சிக்கலும் இதே வகைதான். பாடம் புதிய பதிப்பில் ஓடுகிறது. கடையில் இருப்பது பழசு. 2018 அக்டோபரில் வந்த பதிப்பு வரைக்கும் ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் இசட் அடித்தால் ஒரு படிதான் பின்னால் போகும். மறுபடி அடித்தால் முன்னால் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் அடிக்க அடிக்கப் பின்னால் போகும்படி மாற்றினார்கள். இது தெரியாமல் புதிய பாடத்தைப் பார்த்துப் பழைய மெஷினில் உட்கார்ந்தவன், தன் விரலில்தான் கோளாறு என்று நினைப்பான். பட்டன் இருக்கும் இடத்தைச் சொல்லித்தரும் பாடம் பட்டன் இடம் மாறினால் செத்துப்போகும். லேயர் என்றால் என்ன, மாஸ்க்கில் கறுப்பு ஏன் மறைக்கிறது, வெள்ளை ஏன் காட்டுகிறது என்று சொல்லித்தரும் பாடம், ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்த 1994லிருந்து இன்றுவரை செல்லுபடியாகிறது. கிம்ப்பிலும் செல்லும், பிரவுசரில் ஓடும் ஃபோட்டோபியாவிலும் செல்லும்.

அப்புறம் ஏன் காரணம் சொல்லாத பாடங்களே பெருகுகின்றன? பாடக்காரர்களின் சோம்பல் என்று சொல்வது அரைகுறை விமர்சனம். அவர்களுக்குக் கூலி தருவது விளம்பரம். யூட்யூப், நடுவில் விளம்பரம் செருகுவதற்கான குறைந்தபட்ச நீளத்தை 2020 ஜூலையில் பத்து நிமிடத்திலிருந்து எட்டு நிமிடமாக்கியது. மூன்று நிமிடப் பாடம் வணக்கத்தாலும் சப்ஸ்கிரைப் வேண்டுகோளாலும் எட்டைத் தாண்டுகிறது. காரணம் சொன்னால் பார்ப்பவன் நழுவிவிடுவானோ என்ற பயம் வேறு. பாடத்தின் நீளத்தைப் பாடப்பொருள் தீர்மானிக்காமல் விளம்பரம் தீர்மானிக்கிறது. தறிக்காரனுக்கு மீட்டர் கணக்கில் கூலி மாதிரி இவர்களுக்கு நிமிடக் கணக்கில் கூலி.

5

செயல்விளக்கம் வேறு, பாடம் வேறு. ஃபோட்டோஷாப்பின் பிறப்பிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. 1987இல் தாமஸ் நோல் எழுதத் தொடங்கிய நிரலை அவருடைய தம்பி ஜான் நோல் கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய்க் காட்டினார். காட்டுவதற்கு அவர் வைத்திருந்தது போரா போரா தீவின் கடற்கரையில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் தன் காதலியின் படம். 1990இல் முதல் பதிப்பு விற்பனைக்கு வந்தது. உலகம் முதலில் கண்ட ஃபோட்டோஷாப் வேலை ஒரு விற்பனைக் காட்சி. விற்பனைக் காட்சியில் கை தவறக் கூடாது. இன்றைய பாடங்களும் அந்தச் சாயலிலேயே இருக்கின்றன. ஒத்திகை பார்த்து, தவறியதை வெட்டி எறிந்து, வழவழவென்று ஓடுகின்றன.

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். தறி ஓட்டக் கற்பது என்றால் என்ன? ஓடுகிற தறியைப் பார்த்துக்கொண்டு நிற்க யாரும் கற்க வேண்டியதில்லை. பாவு இழை அறும், தறி நிற்கும், ஆயிரக்கணக்கான இழையில் அறுந்தது எது என்று தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓடவிட வேண்டும். தறிக்காரன் என்பவன் இழை அறும்போது தெரிகிறான். 'அறாம ஓடுற தறிய எவனும் ஓட்டிருவான்' என்று எங்கள் தெருவில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

போர்டு ஆர்ட்டிஸ்ட் பட்டறையிலும் அப்படித்தான். புதிதாக வந்தவன் முதலில் பிரஷ் கழுவுவான். பிறகு சின்னப் படத்தின்மேல் கட்டம் போட்டு, சுவரில் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் ஏற்றுவான். கோணிப் போகும். எந்தக் கட்டத்தில் கோணியது என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும் வரை மாஸ்டர் பீடி குடித்துக்கொண்டிருப்பார். இந்தப் பட்டறைகளை நான் பொன்னுலகமாக்க விரும்பவில்லை. அடியும் வசவும் சம்பளமில்லாத வருடங்களும் அங்கே உண்டு. யாரைச் சேர்ப்பது, யாரைப் படியேற்றாமல் விடுவது என்பதில் சாதி உண்டு. பெண்பிள்ளைகள் உள்ளேயே போக முடியாது. வீடியோ இந்தக் கதவை உடைத்தது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் கதவை உடைத்த கையோடு தவறைத் தேடும் பயிற்சியையும் தூக்கி எறிந்துவிட்டது.

ஜான் கரோல் என்பவர் ஐபிஎம்மில் அலுவலக ஊழியர்கள் கம்ப்யூட்டர் கற்பதைப் பக்கத்திலிருந்து கவனித்து 1990இல் ஒரு நூல் எழுதினார். அதன் பெயரிலேயே தலையில் புனல் வைத்து அறிவை ஊற்றும் பழைய ஜெர்மானியக் கதை இருக்கிறது. ஆட்கள் கையேட்டை வரிசையாகப் படிப்பதில்லை, தங்கள் வேலையை முடிக்கத் தாவுகிறார்கள், தப்பு செய்கிறார்கள், தப்பிலிருந்து மீளத் தெரியாமல் தவிக்கிறார்கள் என்று கண்டார். எனவே கையேட்டைச் சுருக்கி, உண்மையான வேலையை முன்னால் வைத்து, இந்த இடத்தில் இப்படித் தவறும், தவறினால் இப்படித் தெரியும், இப்படி மீளலாம் என்று எழுதினார். அதைப் படித்தவர்கள் குறைந்த நேரத்தில் கூடுதலாகக் கற்றார்கள். இழையை அறுத்துக்காட்டி முடிச்சுப் போடச் சொல்லித்தருவதுதான் இது.

நல்ல படத்திருத்தப் பாடத்தில் ஒரு தோல்வியாவது இருக்க வேண்டும் என்பேன். பாடக்காரர் முடியின் ஓரத்தை மோசமாக வெட்ட வேண்டும். வெள்ளைக்கோடு ஒன்று தலையைச் சுற்றி நிற்பதைக் காட்ட வேண்டும். அது ஏன் வந்தது என்று யோசிக்க நமக்கு ஒரு நிமிடம் விட வேண்டும். ரப்பர் வைத்து அழிப்பவனுக்குத் திரும்பும் வழியில்லை, மாஸ்க் போட்டவனுக்கு உண்டு என்பதை அப்போது சொன்னால் அது சாகும்வரை மறக்காது.

6

தமிழில் இதைச் சரியாகச் செய்ய முயன்றவர்களே இல்லையா? உண்டு. மும்பை ஐஐடியில் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் என்ற அரசு நிதித் திட்டத்தில், கிம்ப் என்ற கட்டற்ற படத்திருத்த மென்பொருளுக்கான பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. கிம்ப் 1995இல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது, காசு கேட்காது. ஃபோட்டோஷாப் 2013இல் மாதச் சந்தாவுக்கு மாறியது. அதற்குப் பிறகும் தென்மாவட்டக் கடைகளில் திருட்டுப் பிரதி ஓடிக்கொண்டிருப்பதன் பொருளாதாரத்தை நாம் ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் மாற்று இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தவை மூன்று. பாடம் பத்து நிமிடத்துக்குள் அடங்குகிறது. ஒரு பக்கம் பாடம், மறுபக்கம் மென்பொருள் என்று இரண்டையும் அருகருகே வைத்து, நிறுத்தி நிறுத்திச் செய்யச் சொல்கிறது. மூன்றாவதுதான் முக்கியம்: எழுதிய பாடத்தை, அந்த மென்பொருளே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் சிக்கும் இடங்களைத் திருத்திய பிறகே ஒலிப்பதிவு செய்கிறார்கள். தெரியாதவனுக்குத் திருத்தும் அதிகாரத்தைக் கொடுத்த ஏற்பாடு இது. நம் விமர்சனக் கட்டுரைகளுக்கும் இதை வைத்துப் பார்த்தால் பாதி இதழ் காலியாகும்.

குறையும் சொல்ல வேண்டும். கிம்ப் வரிசையின் பெரும்பகுதி ஜெர்மனியின் பிரேமன் நகரத்து ரோல்ஃப் ஸ்டைனோர்ட் செய்த வீடியோக்களின் மறுகுரல். அவர் நல்ல ஆசிரியர். தயங்கித் தயங்கி, யோசித்துக்கொண்டே செய்பவர். தமிழ்க்குரல் அவருடைய நேரத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால் அந்தத் தயக்கம் காணாமல் போகிறது. மூன்று படங்களை ஒரே சட்டகத்தில் அடுக்குவது பற்றி அங்கே ஒரு பாடம் உண்டு. நம் பையனுக்குத் தேவை கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்.

அவனுக்குத் தேவையான இன்னொன்று தமிழ் எழுத்து. பழைய ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தமிழைத் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கெ' உடைந்துவிடும். அதனால்தான் இன்னும் கடைகளில் பாமினியும் வானவில்லும் செந்தமிழும் ஓடுகின்றன; ஆளுக்கொரு விசைப்பலகை, ஒன்றில் அடித்தது மற்றொன்றில் குப்பை. சந்தாப் பதிப்புகளில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றினால் சரியாக வந்தது. அண்மைப் பதிப்புகளில் அந்தத் தேவையும் குறைந்துவிட்டது. இது ஆங்கிலப் பாடம் எதிலும் இருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. இறந்தவரின் பெயரில் கொம்பு பிசகினால் சங்கரன்கோவிலில் அது பிரச்சினை.

7

இனி அந்தக் காதுக்கு வருகிறேன்.

தமிழில் 'கலரா இருக்கா' என்றால் வெள்ளையாக இருக்கிறாள் என்று அர்த்தம். கறுப்பு நம் பேச்சில் கலரே இல்லை. வீடியோப் பாடங்கள் இந்தப் பேச்சுவழக்கை மென்பொருளில் ஏற்றிவிட்டன. நிறத்தை ஏற்றுவதற்கு அங்கே பெயர் 'கரெக்ஷன்'. கறுப்பாக இருப்பது ஒரு பிழை, திருத்த வேண்டியது என்று அந்தச் சொல் சொல்லாமல் சொல்கிறது. புகைப்படத் தொழிலில் இது புதிதில்லை. கோடாக் கம்பெனி படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். அவர் முகம் சரியாக வந்தால் கலர் சரி. உலகத்து முகமெல்லாம் அந்த முகத்துக்குத் தக்கபடி கழுவப்பட்டது. அதன் பேரப்பிள்ளைதான் நம் பாடங்களில் வரும் பயிற்சிப் படம். இலவசமாகக் கிடைக்கும் மாடல் படம், ஸ்டுடியோ வெளிச்சம், சுருக்கமில்லாத தோல். அதில் யாருடைய அம்மாவும் இல்லை.

தனிப் படம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பாருங்கள். வீட்டு நடுக்கூடத்தில் தாத்தாவின் மாலை போட்ட படம் தொங்கும் குடும்பங்கள் சில. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, யாரோ வீட்டுக் கல்யாண குரூப் போட்டோவின் பின் வரிசை, இவற்றைத் தவிர வேறெங்கும் பதிவாகாமல் செத்துப்போகிறவர்கள் பலர். இந்தப் பின் வரிசையிலிருந்து ஒரு முகத்தை முன்னால் கொண்டுவரும் வேலையை இன்று செய்வது இந்த ஃபிளெக்ஸ் கடைப் பையன்கள்தான். தங்களை அறியாமல் அவர்கள் ஒரு ஆவணக்காப்பகம் நடத்துகிறார்கள். அந்தக் கைக்குக் கிடைத்த பயிற்சியோ தொங்கும் காதை அழுக்கு என்று வெட்டச் சொல்கிறது. பாடம் கருவியைக் கற்பிக்கும்போதே எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமல் விடுவது என்பதையும் கற்பித்துவிடுகிறது. இந்த இரண்டாவது பாடத்தில் நம் பாடக்காரர்கள் மிகத் திறமைசாலிகள்.

எங்கள் ஊர்ச் சாமியைச் சொல்லலாம். சங்கரநாராயணர் ஒரு கூட்டுப்படம். ஒரு பாதி சிவன், மறுபாதி விஷ்ணு. ஒரு பக்கம் சடை, மறுபக்கம் கிரீடம். செதுக்கியவன் இரண்டையும் கலந்து நடுவாந்தரமான மூன்றாவது முகம் ஒன்று செய்யவில்லை. ஒவ்வொரு பாதியும் தன் அடையாளத்தோடு நிற்கிறது. ஆடித்தபசுக்கு அந்தக் கோவில் வாசலைச் சுற்றிக் கட்டும் பேனர்களில் எல்லா முகமும் ஒரே நிறம், ஒரே மழமழப்பு.

2023 மே மாதம் ஃபோட்டோஷாப்பின் சோதனைப் பதிப்பில், வார்த்தையில் கேட்டால் படத்தின் பகுதியை இட்டு நிரப்பும் வசதி வந்தது. இப்போது ஃபோனிலேயே இப்படிப் பல. இனிப் பாடமே தேவையில்லை என்கிறார்கள். காது வேண்டும் என்றால் அது காது தரும், பாம்படக் காது கேட்டால் ஏதோ ஒன்றைத் தொங்கவும் விடும். யாருடைய காது அது? இயந்திரம் படம் செய்யும் காலத்தில் கைத்திறனுக்கான பாடம் குறையலாம். இது அவர்தானா என்று பார்க்கக் கற்றுத்தரும் பாடத்தின் தேவை கூடத்தான் செய்யும்.

8

அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கடைக்காரர் எழுந்து வந்தார். 'லே, எல்லாத்தையும் எடு. மொதப் படத்தக் காட்டு' என்றார். அந்த அம்மாவைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பையன் மூலப் படத்தைப் பெரிதாக்கினான். அந்த அம்மா விரலால் காட்டக் காட்ட, பென் டூலின் கோடு காதுவரை இறங்கியது. மாஸ்க்கில் கறுப்பாக இருந்த இடத்தை வெள்ளையாக்கினான். காது திரும்ப வந்தது. மழமழப்பு லேயரை அணைத்தான். வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினான். படம் முன்னைவிட மங்கல்தான், புள்ளி புள்ளியாக இருந்தது. சின்னதாக வைத்துச் சுற்றிலும் வெள்ளை விட்டார்கள். அந்தச் சிறிய அளவில் புள்ளி தெரியவில்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார்.

அந்த இருபது நிமிடம் நான் பார்த்ததிலேயே சிறந்த பாடம். உண்மையான வேலை முன்னால் இருந்தது. தவறு இருந்தது, தவறைக் கண்டுபிடிக்க ஆள் இருந்தது, திரும்பிப்போக வழி இருந்தது. மென்பொருள் தெரியாத ஒருவர் திருத்தினார். காரணம் நம் பேச்சில் சொல்லப்பட்டது.

பிறகு ஒரு நாள் பையனிடம், 'இதையே ஒரு வீடியோவாகப் போடேன்' என்றேன். சிரித்தான். 'பழைய போட்டோ, கிழவி மூஞ்சி, இதப் போட்டா யாரு சார் பாப்பா?' என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. தனி ஆளாக அவன் போட்டால் யாரும் பார்க்காமல் போகலாம். விளம்பரக் கூலியை நம்பி இந்தப் பாடம் வராது. அப்படியானால் வேறு யார் செய்வது? நூலகம் நடத்துகிறோம், வாசகர் வட்டம் நடத்துகிறோம், கிராமத்துப் பிள்ளைகளுக்கு இரவுப்பள்ளி நடத்துகிறோம், ஆவணப்படம் எடுக்கிறோம். குரூப் போட்டோவிலிருந்து ஒரு முகத்தை மீட்பது எப்படி என்று பத்துப் பாடம், கிம்ப்பில், நம் ஊர்ப் படங்களை வைத்து, கடைப் பையன்களை உட்காரவைத்துத் திருத்தி வாங்கி, எட்டு நிமிடம் ஆக வேண்டும் என்ற கணக்கில்லாமல் நாம் செய்ய முடியும். பெரிய செலவில்லை. முதல் பாடத்துக்கான படம் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்த அம்மாவிடம் சம்மதம் கேட்க வேண்டும். அதையும் பாடத்திலேயே சொல்ல வேண்டும்.